பிளாஸ்மா கட்டிங் டேபிளை நாமே கட்டலாமா? (8×4 தகடு, அம்பத்தூர்)

கேட்கிரில் · ஜூன் 8, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் 900 சதுர அடி ஷெட். நான், இரண்டு வெல்டர்கள், ஒரு ஹெல்பர். கேட், கிரில், மாடிப்படி, ஷெட்டுத் தூணின் அடியில் வரும் பேஸ் பிளேட், மூட்டுக்குப் பலம் தரும் கஸ்ஸெட், இதுதான் வேலை. தகடு வெட்ட இப்போது இரண்டு வழி வைத்திருக்கிறேன். கேஸ் கட்டிங்கில் வெட்டிவிட்டு அரை நாள் கிரைண்டர் பிடிப்பது ஒன்று. லேசர் ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவது இன்னொன்று. லேசர்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் என்னுடைய பதினைந்து பீஸ் மெஷினில் ஏறுவதற்குள் பெரிய ஆர்டர் ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலு நாள், ஐந்து நாள் ஆகிறது.

அதனால் 8×4 அடித் தகடு முழுசாக ஏறுகிற மாதிரி ஒரு சிஎன்சி பிளாஸ்மா டேபிளை (மின்பொறியும் காற்றும் சேர்ந்து தகட்டை உருக்கி வெட்டும் டார்ச், கம்ப்யூட்டர் சொன்ன வழியில் ஓடும் மேசை) நாங்களே கட்டலாம் என்று யோசனை. வெல்டிங் எங்கள் கையில் இருக்கிறது. மோட்டார், கன்ட்ரோலர் பக்கம் நான் பூஜ்யம். வெட்டப்போவது பெரும்பாலும் 3 மிமீ முதல் 12 மிமீ வரை எம்எஸ், அதாவது சாதாரண இரும்பு. த்ரீ ஃபேஸ் லைன் உண்டு. 220 லிட்டர் டேங்கோடு 3 எச்பி கம்ப்ரஸர் உண்டு. கட்டியவர்கள் யாராவது இருந்தால் எங்கே அடிபட்டீர்கள் என்று சொல்லுங்கள். யூட்யூபில் எல்லாருக்கும் முதல் வெட்டே வழுவழுவென்று வருகிறது. நம்ப மனசு வரவில்லை.

பழைய லேத் · ஜூன் 9, காலை 6:15

தம்பி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமாக வெட்டப்போகிறீர்கள்? ஒரு மாத ஜாப் ஒர்க் பில்லை எடுத்துவைத்துக் கணக்குப் போடுங்கள். மெஷின் நம்முடையது என்றால் வெட்டாத நாளும் அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். 900 சதுர அடியில் இந்த டேபிள், அதைச் சுற்றி நடக்க வழி, தகடு ஏற்ற இடம் எல்லாம் சேர்ந்து கால்வாசிக்கு மேல் போய்விடும்.

அடுத்து, லேசர் வெட்டை மனதில் வைத்துக்கொண்டு பிளாஸ்மாவுக்குப் போனால் ஏமாந்துபோவீர்கள். காற்றில் ஓடும் 45 ஆம்பியர் பிளாஸ்மா ஒன்றரை மிமீ அளவுக்குத் தடம் எடுக்கும். ஓரம் லேசாகச் சாயும். துளை என்று வந்தால், தகட்டின் கனத்தைவிடச் சின்னத் துளை போடவே நினைக்காதீர்கள். 10 மிமீ தகட்டில் 10 மிமீ துளை என்பது மேலே 10, கீழே வேறு ஏதோ. கனத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால்தான் போல்ட்டு மரியாதையாக உள்ளே போகும். உங்கள் பேஸ் பிளேட்டில் என்ன துளை?

கேட்கிரில் · ஜூன் 9, காலை 9:40

சார், அதிகம் ஓடுவது 10 மிமீ தகட்டில் 14 மிமீ துளை, நாலு மூலையிலும். சில சமயம் 12 மிமீ தகடு, 18 மிமீ துளை. பில்லைப் பார்த்தேன். மாதம் 30, 35 மணி நேரம் வெட்டுகிற வேலை வெளியே போகிறது. ஆனால் என் கணக்கில் காசைவிட நாள்தான் பெரிசு. பேஸ் பிளேட் வராமல் தூண் ஃபேப்ரிகேஷன் நிற்கிறது, தூண் நிற்காமல் சைட்டில் கிரேன் வாடகை ஓடுகிறது.

பழைய லேத் · ஜூன் 9, மதியம் 1:05

இது நியாயமான காரணம். இரண்டுமே ஒன்றரை மடங்குக்கு ஒட்டி நிற்கும் துளைகள், பிழைத்துக்கொள்ளலாம். சந்தேகமான துளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன்: பிளாஸ்மாவை அங்கே கண நேரம் மட்டும் தட்டவிட்டு சென்டர் குறி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மேக்னட் டிரில்லில் போடலாம். மார்க்கிங் நேரம் மிச்சம். சரி, கட்டுங்கள். நான் ஓரமாக நின்று குறை சொல்கிறேன்.

ரசமட்டம் · ஜூன் 9, இரவு 9:30

நான் மூன்று டேபிள் கட்டியிருக்கிறேன். ஒன்று எனக்கு, இரண்டு நண்பர்களுக்கு. முதல் டேபிளில் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தகடு உட்காருகிற சட்டமும், கேன்ட்ரி (டார்ச்சைச் சுமந்து குறுக்கே நிற்கும் பாலம்) ஓடுகிற ரயில் உட்காருகிற சட்டமும் ஒரே பிரேமாக வைத்தேன். 2500 × 1250 தகடு 6 மிமீ என்றால் 147 கிலோ, 12 மிமீ என்றால் 294 கிலோ. அதை நாலு பேர் தூக்கி வந்து மெதுவாக வைப்பார்கள் என்று நான் கற்பனை செய்திருந்தேன். நிஜத்தில் ஒரு ஓரத்தைச் சாய்த்து, ‘விடு விடு’ என்று கத்தி, தொப்பென்று போடுவார்கள். ஒவ்வொரு முறையும் ரயில் ஒரு முடி அளவு நகர்ந்தது. ஆறு மாதத்தில் சதுரம் சதுரமாக இல்லை. ஆகவே தகட்டுக்கு அடியில் வரும் தண்ணீர்த் தொட்டியும், தகட்டைத் தாங்கும் பட்டைகளான ஸ்லாட்டும் தனிக் காலில் நிற்கட்டும். ரயில் வேறு காலில் நிற்கட்டும். இரண்டும் தொடக்கூடாது.

ரயில் பிரேமுக்கு 75×75 ஸ்கொயர் ட்யூப் போதும். உங்கள் வெல்டர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் 3 மீட்டர் ட்யூப் இழுத்துக்கொள்ளும். அதை வெல்டிங்கில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ட்யூப் மேல் 300 மிமீ இடைவெளியில் சின்னச் சின்னப் பட்டைகளை வெல்டு செய்து, அவற்றின் மேல் ரயில் தாங்கும் நீளப் பட்டையை ஜாக்கிங் போல்ட்டில் உட்கார வையுங்கள். எல்லா வெல்டும் முடிந்து ஆறிய பிறகு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) போட்டு மட்டம் பிடியுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலே எனக்கு நாலு மூலையையும் ஒரு மிமீக்குள் கொண்டுவந்து கொடுத்தது. மீதிக்கு இழுத்துக் கட்டிய பியானோ ஒயரும் ஃபீலர் கேஜும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 2500 × 1250-க்கு 2795 வரவேண்டும். இரண்டும் சமமாக வருகிறவரை இறுக்காதீர்கள்.

ரயில் 20 மிமீ லீனியர் கைடு. ரேக் (பல் வெட்டிய பட்டை) மாட்யூல் 1.5, அதில் ஓடும் பினியன் (சின்னப் பல்சக்கரம்) 20 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 94.2 மிமீ. நேராக மோட்டாரில் மாட்டினால் வேகம் மட்டும் கிடைக்கும், பிடிப்பும் நுணுக்கமும் கிடைக்காது. நடுவில் பெல்ட் வைத்து 1-க்கு 3 குறையுங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 31.4 மிமீ. டிரைவரை 1600 பல்ஸில் வைத்தால் ஒரு மிமீக்கு 51 பல்ஸ். பிளாஸ்மாவுக்கு அது தாராளம். நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓட்டினாலும் மோட்டார் 380 ஆர்பிஎம்தான் சுற்றும், ஸ்டெப்பர் திணறாது. நீள அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டார் வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால் கேன்ட்ரி நண்டு மாதிரி நடக்கும்.

கேன்ட்ரி இலேசாக இருக்கட்டும். இது மில்லிங் இல்லை, டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை. கனமாகச் செய்தால் மூலைகளில் வேகம் விழும். வேகம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எலக்ட்ரிகல் ஆட்கள் சொல்வார்கள்.

புதுப்பேட்டை பையன் · ஜூன் 10, காலை 8:20

ப்ரோ, புதுப்பேட்டையில் வைப்பர் மோட்டார் கிலோ கணக்கில் கிடைக்கும், அதை வைத்து ஓட்டலாமே 😀

ரசமட்டம் · ஜூன் 10, காலை 8:45

ஓட்டலாம். எங்கே போய் நிற்கும் என்று மட்டும் கேட்கக்கூடாது.

சர்க்யூட்காரன் · ஜூன் 10, இரவு 11:10

பவர் சோர்ஸ் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்க் எப்படிப் பற்றுகிறது? விலை குறைந்த பல மெஷின்களில் எச்.எஃப், அதாவது உயர் அதிர்வெண் பொறி. ஒவ்வொரு முறை டார்ச் பற்றும்போதும் பக்கத்திலிருக்கும் கன்ட்ரோலர் தலைசுற்றும். கம்ப்யூட்டர் ரீபூட் ஆகும், லிமிட் ஸ்விட்ச் தானாக அடித்ததாகக் காட்டும். புளோபேக் வகையில் நாசிலும் எலக்ட்ரோடும் ஒட்டியிருந்து, காற்றழுத்தம் தள்ளிப் பிரிக்கும்போது பொறி வரும். சத்தம் குறைவு. நான் சொல்வது மின்சாரச் சத்தம், காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை. ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ் வரிசை இந்த வகை. வேறு பிராண்டுகளிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று: சிஎன்சி போர்ட் இருக்கிறதா, அதில் ஆர்க் வோல்ட்டேஜ் 50-க்கு 1 என்று வகுத்து வெளியே வருகிறதா, ‘ஆர்க் ஓகே’ சிக்னல் இருக்கிறதா. இல்லையென்றால் மெஷினைத் திறந்து பச்சையாக வோல்ட்டேஜ் எடுக்க வேண்டிவரும். உள்ளே ஆர்க் பற்றுவதற்கு முன் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்கவேண்டாம்.

உயரக் கட்டுப்பாடு இல்லாத பிளாஸ்மா டேபிள் படம் வரைகிற பிளாட்டர்தான். வெட்டு ஆரம்பித்ததும் சூட்டில் தகடு வளையும். டார்ச் நுனிக்கும் தகட்டுக்கும் வெட்டும்போது 1.5 மிமீ, துளைக்கும்போது 3.8 மிமீ, என் 45 ஆம்பியர் டார்ச்சுக்கு இதுதான் அளவு. உயரமாக நின்று துளைத்துவிட்டு இறங்கி வெட்டாவிட்டால் உருகிய இரும்பு நேராக நாசிலில் தெறிக்கும். இடைவெளி கூடினால் ஆர்க் நீளும், வோல்ட்டேஜ் ஏறும். குறைந்தால் இறங்கும். அதைப் பார்த்து டார்ச்சை ஏற்றி இறக்குவதுதான் டிஎச்சி, அதாவது டார்ச் உயரக் கட்டுப்பாடு. தோராயமாக 1 வோல்ட்டுக்கு 0.1 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் உங்கள் விருப்பம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால் சீனத்து எஃப்2100பி மாதிரி பெட்டி வாங்கி பென் டிரைவ் செருகுங்கள். நோண்டுவதில் ஆசை இருந்தால் கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளும் மீசா கார்டும். அதிலிருக்கும் க்யூடி-பிளாஸ்மாசி முழுக்கப் பிளாஸ்மாவுக்காகவே எழுதியது, இலவசம். வரைபடத்திலிருந்து மெஷினுக்குப் புரியும் ஜி-கோடு எடுக்க ஷீட்கேம் என்ற மென்பொருள். ஷீல்டு கேபிள், எஸ்எம்பிஎஸ், ரிலே எல்லாம் ரிச்சி தெருவில் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

எர்த் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பட்டறை எர்த் என்று சுவரில் ஒரு பச்சை ஒயர் இருக்கும். அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. டேபிளுக்குப் பக்கத்திலேயே தனி எர்த் பிட் போடுங்கள். கரி, உப்பு போட்டு, எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 சொல்கிற மாதிரி. வெயில் காலத்தில் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டேபிள் பிரேம், கேன்ட்ரி, கன்ட்ரோல் பெட்டி எல்லாமே ஒரே செம்புப் பட்டைக்குத் தனித்தனி ஒயரில் வரட்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக்கூடாது. டார்ச் கேபிளையும் சிக்னல் கேபிளையும் ஒரே டிரேயில் படுக்கவைக்காதீர்கள். ஒர்க் கிளாம்ப் தகட்டில் நேராகப் பிடிக்கட்டும். துருப்பிடித்த ஸ்லாட்டில் பிடித்துவிட்டு ‘ஆர்க் அடிக்கடி அணைகிறது’ என்று இங்கே வந்து எழுதாதீர்கள், போன வருஷம் மட்டும் நாலு பேர் எழுதினார்கள்.

காற்றழுத்தம் · ஜூன் 11, காலை 7:05

எல்லாரும் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பேசுகிறீர்கள். பிளாஸ்மாவில் வெட்டுவது காற்று. நம்மூர்க் காற்றில் பாதி தண்ணீர்.

முதலில் அளவு. 45 ஆம்பியர் டார்ச் வெட்டும்போது 5.9 பாரில் நிமிடத்துக்கு 188 லிட்டர் கேட்கும், அதாவது 6.6 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). உங்கள் 3 எச்பி பிளேட்டில் பெரிய எண் ஒன்று அச்சடித்திருக்கும். அது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட். கையில் கிடைக்கும் காற்று அதில் முக்கால் பங்கு இருந்தால் அதிர்ஷ்டம். வீட்டிலேயே சோதிக்கலாம். வால்வை மூடி, டேங்க் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். 220 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் 440 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. இரண்டு நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 220 லிட்டர். அப்படி வந்தால் தப்பித்தீர்கள். இரண்டரை நிமிடம் ஆனால் நீண்ட வெட்டின் நடுவில் அழுத்தம் விழும்.

இப்போது தண்ணீர். 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு, சென்னையில் சாதாரண நாள். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. மணிக்கு 11 கனமீட்டர் குடிக்கும் டார்ச்சுக்காகக் கம்ப்ரஸர் உறிஞ்சும் தண்ணீர் கால் லிட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கு! கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும்போது அது ஆவியாகவே இருக்கும். ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, டார்ச்சுக்குப் பக்கத்தில் சொட்டாக மாறும். ஃபில்டர் சொட்டைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பெட்டி எலக்ட்ரோடு செலவானது.

எலக்ட்ரோடு நுனியில் ஹாஃப்னியம் என்று ஒரு குட்டிப் பொட்டு இருக்கும். அதுதான் ஆர்க்கைத் தாங்குகிறது. ஈரக் காற்றில் அது வேகமாகக் குழிவிழும். குழி 1.6 மிமீ ஆழம் ஆனால் தூக்கிப் போட வேண்டும். ஹாஃப்னியம் தீர்ந்து செம்பு எரிய ஆரம்பித்தால் ஆர்க் பச்சையாகத் தெரியும். அப்போதும் வெட்டிக்கொண்டிருந்தால் டார்ச் தலையே போகும்.

ஆகவே காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்குங்கள். லைனைச் சரிவாகப் போட்டு, கிளைகளைக் குழாயின் மேல்பக்கமிருந்து எடுங்கள், கடைசியில் ஒரு டிரெயின் வால்வு. பிவிசி பைப் வேண்டவே வேண்டாம், காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லுசில்லாகப் பாயும்.

கேட்கிரில் · ஜூன் 11, இரவு 10:20

தலைவரே, டேங்க் சோதனை செய்தேன். இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. டிரையரைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா? பட்ஜெட் இடிக்கிறது. இப்போதைக்கு இரட்டை ஃபில்டர் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

காற்றழுத்தம் · ஜூன் 11, இரவு 10:31

தள்ளிப்போடுங்கள். அக்டோபரில் பேசுவோம்.

கேட்கிரில் · ஜூலை 20, இரவு 9:15

பிரேம் நின்றுவிட்டது. ட்யூபும் தகடும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடுத்தேன், லீனியர் கைடும் ரேக்கும் ஆன்லைனில். பெல்ட், புல்லி, பேரிங் லிங்கிசெட்டித் தெரு. பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றியதில் பேரிங் விலையில் பாதி பெட்ரோலுக்குப் போனது.

ரசமட்டம் அண்ணன் சொன்ன மாதிரியே தொட்டிக்குத் தனிக்கால். மூலைவிட்டம் முதல் நாள் 4 மிமீ வித்தியாசம். என் வெல்டர் ‘கண்ணுக்குத் தெரியாதுண்ணே’ என்றார். கிரில்லுக்குத் தெரியாது, இதற்குத் தெரியும் என்று சொல்லி ஜாக்கிங் போல்ட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து அரை மிமீக்குக் கொண்டுவந்தோம்.

தொட்டி 150 மிமீ ஆழம். நிரப்பினால் கிட்டத்தட்ட 470 லிட்டர். இப்போது சந்தேகம்: தண்ணீரா, இல்லை கீழிருந்து ஃபேன் வைத்துப் புகையை இழுக்கிற டவுன்டிராஃப்டா?

பழைய லேத் · ஜூலை 21, காலை 6:30

900 சதுர அடி ஷெட்டில் ஃபேன் வைத்து இழுத்த புகையை எங்கே விடுவீர்கள்? பக்கத்துப் பட்டறைக்கா? தண்ணீர் வையுங்கள். தகட்டின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு அங்குலம் விட்டால் தூசியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், தகடும் அவ்வளவு வளையாது. ஆனால் துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு வெட்டும்போது தண்ணீரை நம்பி நிற்காதீர்கள். துத்தநாகப் புகை குடித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வெட்டுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புகை அதைவிட மோசம், குரோமியம். முகத்துக்குத் துணி கட்டுவது போதாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

சர்க்யூட்காரன் · ஜூலை 21, காலை 10:00

அலுமினியத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வெட்டவேண்டாம். உருகிய அலுமினியத் துகள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும். ராத்திரி தகட்டை மூடின மாதிரி விட்டுவிட்டுக் காலையில் வந்து ஆர்க் அடித்தால் அடியில் தங்கிய வாயு வெடிக்கும். ‘ஒரே ஒரு பீஸ்தான்’ என்று கஸ்டமர் கெஞ்சினாலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். கன்ட்ரோல் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் மோட்டாரும் பேனலும் தண்ணீரில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். பவர் சோர்ஸும் ஸ்டாண்டின் மேலே.

புதுப்பேட்டை பையன் · ஜூலை 21, மதியம் 12:40

470 லிட்டர் தேங்கின தண்ணீர். கொசு? எங்கள் தெருவில் மாநகராட்சி ஆட்கள் டயரில் தேங்கியதற்கே திட்டிவிட்டுப் போனார்கள்.

ரசமட்டம் · ஜூலை 21, மதியம் 1:15

சிரிக்காதீர்கள், பையன் சரியாகத்தான் கேட்கிறான். கொசு மட்டுமில்லை, பத்து நாள் விட்டால் தண்ணீர் நாறும், தகடு துருப்பிடிக்கும். நான் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் தண்ணீரைப் பம்ப் செய்து அதில் ஏற்றி மூடிவிடுவேன். காலையில் திறந்துவிட்டால் கால் மணி நேரத்தில் தொட்டி நிறையும். தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து கலக்கிறேன். அடியில் சேரும் கறுப்புச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் காயவைத்து ஸ்கிராப்போடு கொடுங்கள்.

கேட்கிரில் · செப்டம்பர் 14, இரவு 11:48

முதல் வெட்டு! 45 ஆம்பியர் புளோபேக் சோர்ஸ், மெஷின் டார்ச். கன்ட்ரோலர் பெட்டிதான் வாங்கினேன், லினக்ஸுக்குத் தைரியம் வரவில்லை. 6 மிமீ தகட்டில் 150 சதுரம். நேர்கோடு பிரமாதம். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் டார்ச் தலைகுனிந்து தகட்டில் இடிக்கிறது. மூன்றாவது மூலையில் டார்ச் நுனியின் ஷீல்டு மாட்டிக்கொண்டு தகட்டையே இழுத்துக்கொண்டு போனது. என் ஹெல்பர் எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்துவிட்டான், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதோடு சதுரத்தின் ஓரம் சாய்வாக இருக்கிறது, நடுவிலிருந்து விழுந்த கழிவுத் துண்டின் ஓரம் நேராக இருக்கிறது!

சர்க்யூட்காரன் · செப்டம்பர் 15, காலை 7:20

வாழ்த்துகள், ஹெல்பருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

மூலையில் குனிவதற்குக் காரணம்: திரும்புவதற்காக மெஷின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் ஒரே இடத்தில் அதிகம் உருகி வெட்டு அகலமாகிறது, ஆர்க் விளிம்பைத் தேடி நீள்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. டிஎச்சி பாவம், டார்ச் உயரமாகப் போய்விட்டது என்று நினைத்துக் கீழே இறக்குகிறது. அமைப்பில் ‘வேகம் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டிஎச்சியைப் பூட்டு’ என்பது மாதிரி ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். சின்னத் துளைகளுக்கு டிஎச்சி மொத்தமாக ஆஃப், வேகம் 60 விழுக்காடு.

சாய்வுக்குக் காரணம் திசை. உள்ளே காற்று சுழன்றுகொண்டு வருவதால், டார்ச் போகும் திசையில் வலப்பக்க ஓரம்தான் நேராக வரும். உங்கள் பீஸ் வலப்பக்கம் இருக்கவேண்டும். வெளிவட்டத்தைக் கடிகாரச் சுற்றில் வெட்டுங்கள், உள்துளையை எதிர்ச்சுற்றில். கோயிலை வலம் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சாமி வலக்கைப் பக்கம். நீங்கள் மாற்றிச் சுற்றியிருக்கிறீர்கள், அதனால் நல்ல ஓரம் கழிவுக்குப் போய்விட்டது.

பழைய லேத் · செப்டம்பர் 15, காலை 7:50

அடியில் பிசிறு எப்படி?

கேட்கிரில் · செப்டம்பர் 15, இரவு 8:30

திசை மாற்றினேன், மூலையும் பூட்டினேன். இரண்டும் சரியாகிவிட்டன. பிசிறு இருக்கிறது சார். 10 மிமீயில் தடிமனாக முத்து முத்தாக, சுத்தியலால் தட்டினால் உதிர்கிறது. 3 மிமீயில் மெல்லிசாக, ஆனால் கிரைண்டர் இல்லாமல் போகமாட்டேன் என்கிறது.

பழைய லேத் · செப்டம்பர் 15, இரவு 9:00

அதுவே பதில் சொல்லிவிட்டது. தட்டினால் உதிரும் முத்து, வேகம் குறைவு. ஒட்டிப்பிடித்த மெல்லிசு, வேகம் அதிகம். 10 மிமீயில் கூட்டுங்கள், 3 மிமீயில் குறையுங்கள். சோர்ஸோடு வந்த புத்தகத்தில் கட் சார்ட் இருக்கும், அதிலிருந்து ஆரம்பித்துப் பத்துப் பத்து விழுக்காடாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு துண்டு வெட்டி, அதிலேயே சாக்பீஸால் வேகத்தை எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

கேட்கிரில் · அக்டோபர் 27, இரவு 10:05

காற்றழுத்தம் சார், இருக்கிறீர்களா?

காற்றழுத்தம் · அக்டோபர் 27, இரவு 10:12

உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன். எத்தனை எலக்ட்ரோடு?

கேட்கிரில் · அக்டோபர் 27, இரவு 10:40

ஐந்து நாளில் ஆறு. மழை ஆரம்பித்ததிலிருந்து. செப்டம்பரில் ஒரு எலக்ட்ரோடு முந்நூறு துளைப்பு தாண்டியது, இப்போது ஐம்பதுக்கே குழி விழுகிறது. நேற்று ஃபில்டர் கிண்ணம் அரை மணி நேரத்தில் பாதி நிறைந்தது. இன்னொரு விசித்திரம்: காலையில் நன்றாக வெட்டுகிறது, மதியத்துக்கு மேல் டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வாக ஓடுகிறது. டிஎச்சி வோல்ட்டேஜ் எதையும் நான் மாற்றவில்லை.

காற்றழுத்தம் · அக்டோபர் 28, காலை 6:50

இரண்டும் ஒரே நோய். காலையில் டேங்க் ராத்திரியெல்லாம் ஆறியிருக்கும், தண்ணீர் டேங்கிலேயே தங்கும். மதியம் கம்ப்ரஸர் கொதிக்கும், ஆவி அப்படியே ஃபில்டரைத் தாண்டும். எலக்ட்ரோடு குழிவிழ விழ ஆர்க்கின் நீளம் குழியின் ஆழம் அளவுக்குக் கூடுகிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது, டிஎச்சி அதை ஈடுகட்ட டார்ச்சை இறக்குகிறது. நீங்கள் வைத்த எண் புது எலக்ட்ரோடுக்கு எழுதிய எண். உங்கள் கன்ட்ரோலரில் வெட்டு ஆரம்பத்தில் வோல்ட்டேஜை மாதிரி எடுத்து அதையே பிடித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். ஆனால் அது வலிநிவாரணிதான். மருந்து டிரையர்.

கேட்கிரில் · நவம்பர் 9, இரவு 9:20

டிரையர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதைப் பழக்கமாக விற்கும் கடை ஒன்றில் முதலில் சின்னதாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், ‘3 எச்பிக்குப் போதும் சார்’ என்று. எந்த வெப்பநிலைக் காற்றுக்கு இந்தக் கொள்ளளவு என்று நான் கேட்டதும் அடுத்த அளவைக் காட்டினார்கள். கம்ப்ரஸருக்கும் டிரையருக்கும் நடுவில் பழைய ஏசியின் கண்டென்ஸர் காயில் ஒன்றை, சூடான காற்றை ஆறவைக்கும் ஆஃப்டர்கூலராகப் போடலாமா என்று யோசித்தேன்.

காற்றழுத்தம் · நவம்பர் 9, இரவு 9:45

வேண்டாம், அதில் எண்ணெய் மிச்சம் இருக்கும். 20 அடி செம்புக் குழாயைச் சுவரோரம் சரிவாக ஓட்டுங்கள், அதுவே ஆறவைக்கும்.

கேட்கிரில் · டிசம்பர் 13, இரவு 10:30

ஒரு மாதம் ஓட்டிவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன். வெளியே இரண்டு நாளாக விடாத மழை, உள்ளே எலக்ட்ரோடு மறுபடியும் முந்நூறு தாண்டுகிறது. போன வாரம் 10 மிமீயில் 48 பேஸ் பிளேட், துளையோடு, ஒன்றரை நாளில் முடித்தோம். அதில் மூன்று பிளேட்டில் துளை இறுக்கம், ரீமர் விடவேண்டி வந்தது. லீட்-இன் (துளைத்த இடத்திலிருந்து வெட்டுக்கோட்டுக்கு டார்ச் வரும் வழி) முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குழி, அதை இன்னும் சரிசெய்யவில்லை. 3 மிமீ வேலைகளை இன்னமும் லேசருக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே பழைய லேத் சார் சொன்னதுதான் சரி.

பழைய லேத் · டிசம்பர் 14, காலை 6:10

ரொம்ப சந்தோஷம் தம்பி. லீட்-இன்னை நேர்கோடாக விடாமல் வளைவாக விட்டுப் பாருங்கள், முடிவில் ஆர்க்கைக் கொஞ்சம் முன்னாலேயே அணையுங்கள். அப்புறம், ஒரு சின்ன உதவி. வீட்டு கேட்டுக்குப் பேத்தி ஒரு மயில் வரைந்து கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் சொல்லி டி.எக்ஸ்.எஃப் வரைபட ஃபைல் ஆக்கிவிட்டேன். 5 மிமீ தகடு. அனுப்பட்டுமா?

கேட்கிரில் · டிசம்பர் 14, இரவு 9:05

திறந்து பார்த்தேன் சார், அழகாக இருக்கிறது. தோகை முழுக்க 3 மிமீ பொட்டுத் துளை, மொத்தம் 212. தகடு 5 மிமீ. ஜூன் 9-ஆம் தேதி காலை 6:15-க்கு நீங்கள் எழுதிய பதிவை ஒருமுறை படித்துவிட்டு, பேத்தியிடம் பொட்டை 8 மிமீ ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

பழைய லேத் · டிசம்பர் 14, இரவு 9:12

8 மிமீ பொட்டு வைத்தால் மயில் சிறுத்தை மாதிரி இருக்கும் என்கிறாள். பொட்டின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வருகிறோம்.